ஒளிபுகும் மென்படலத்தை ஃபெம்டோ வினாடி லேசரால் மாற்றியமைப்பது எப்படி? பாடாங் செராய், கூலிம் வட்டார மாணவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

பாடாங் செராயிலிருந்து கூலிம் செல்லும் வழியில் இன்றும் செம்பனையும் பால்மரமும் நிற்கின்றன. அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில், கண்ணாடியின் மேல் சில மைக்ரோமீட்டர் தடிப்பே உள்ள படலங்களைப் பூசிச் சூரியத் தகடுகள் செய்கிறார்கள். அந்த ஆலைகளிலும், நிபோங் திபாலில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலும், தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் படிப்பைத் தொடங்கிய நம் பிள்ளைகள் சேர்கிறார்கள். கருவியை எப்படி இயக்குவது என்பது அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. ஒளிக்கற்றை படும்போது படலத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தமிழில் எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. ஆய்வகத்தில் முதன்முறையாக ஃபெம்டோ வினாடி (ஒரு வினாடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு) லேசரின் முன் நிற்கப்போகும் ஒருவருக்குப் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன். எஸ்.பி.எம். இயற்பியலும் ஒரு கணிப்பானும் இருந்தால் இதில் உள்ள எல்லாக் கணக்குகளையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

படலத்தில் என்ன மாற்றம் நிகழும் என்பதை முடிவு செய்வது, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் விழும் ஆற்றல்தான். இதை இந்த விளக்கம் முழுவதும் ஆற்றல் அடர்த்தி என்று சொல்கிறேன். அந்த எண்ணை வேறொருவரின் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுத்துக் கருவியில் இட்டால் வேலை நடக்காது. உங்கள் படலத்தில், உங்கள் ஒளிக்கற்றையில், வேலை செய்யும் அன்றே அளந்து அறிய வேண்டும். கீழே வரும் படிகளில் பெரும்பகுதி இந்த அளவீட்டைச் சரியாகச் செய்வதற்கானவையே.

ஒளி புகும் பொருள் ஒளியை ஏன் உறிஞ்சுகிறது?

எடுத்துக்காட்டாக இண்டியம் டின் ஆக்சைடு படலத்தை வைத்துக்கொள்வோம். கைப்பேசித் திரையில் விரல் படும் இடத்தை உணர்வதற்குப் பயன்படும் இந்தப் படலம், எடையில் ஏறத்தாழ 90 விழுக்காடு இண்டியம் ஆக்சைடும் 10 விழுக்காடு டின் ஆக்சைடும் கலந்தது. மின்சாரத்தைக் கடத்தும், பார்வைக்கு ஒளிபுகும். இதன் ஆற்றல் இடைவெளி, அதாவது கட்டுண்ட எலக்ட்ரான் விடுபடத் தேவையான குறைந்த அளவு ஆற்றல், 3.5 முதல் 4 எலக்ட்ரான் வோல்ட் வரை உள்ளது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டான் எதுவும் ஏறத்தாழ 3.1 எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டாது என்பதால், அந்த இடைவெளியைத் தனியாகக் கடக்க அதற்கு ஆற்றல் போதாது. ஆகவே ஒளி படலத்தின் ஊடே போய்விடுகிறது. 1030 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரின் ஃபோட்டானிலோ 1.2 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே இருக்கிறது.

ஆனால் 1 மைக்ரோஜூல் ஆற்றலை 200 ஃபெம்டோ வினாடி மட்டுமே நீடிக்கும் ஓர் ஒளித் துடிப்புக்குள் அடக்கினால் அதன் உச்சத் திறன் ஏறத்தாழ 5 மெகாவாட் ஆகிறது. அதைப் பத்து மைக்ரோமீட்டர் ஆரத்துக்குள் குவிக்கும்போது ஒரே எலக்ட்ரான் பல ஃபோட்டான்களை ஒருசேர விழுங்கும் நிலை உருவாகிறது. 1030 நானோமீட்டரில் நான்கு ஃபோட்டான்களும், 800 நானோமீட்டரில் மூன்றும், 515 நானோமீட்டரில் இரண்டும் சேர்ந்தால் இந்தப் படலத்தின் ஆற்றல் இடைவெளியைக் கடக்கலாம். சாளரக் கண்ணாடி போன்றவற்றின் அடிப்படையான சிலிக்கன் டைஆக்சைடின் இடைவெளி ஏறத்தாழ 9 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், அதற்கு 800 நானோமீட்டரில் ஆறு ஃபோட்டான்கள் தேவைப்படுகின்றன. மேலே உள்ள படலம் மாறும்போது அடியில் உள்ள கண்ணாடி பெரும்பாலும் தப்பிவிடுவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

நான்கு ஃபோட்டான் உறிஞ்சுதல், ஒளிச்செறிவின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. அதாவது லேசரின் ஆற்றல் 10 விழுக்காடு ஏறினால் உறிஞ்சுதல் 46 விழுக்காடு ஏறுகிறது. சாதாரண விளக்கிலோ தொடர் லேசரிலோ கவனிக்கத் தேவையில்லாத சிறு ஏற்றத்தாழ்வு இங்கே முடிவையே மாற்றிவிடும் என்பதை ஆரம்பத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இண்டியம் டின் ஆக்சைடில் மின்சாரத்தைக் கடத்துவதற்கென்று ஏற்கெனவே ஏராளமான கட்டற்ற எலக்ட்ரான்கள் இருப்பதால், அவையும் அகச்சிவப்பு ஒளியில் ஒரு பகுதியை நேரடியாக உறிஞ்சுகின்றன. ஆகவே ஒரே பெயரில் விற்கப்படும் இரு படலங்கள், அவற்றின் கடத்துதிறன் வேறாக இருந்தால், ஒரே துடிப்புக்கு வெவ்வேறாக நடந்துகொள்ளும்.

உறிஞ்சிய ஆற்றல் முதலில் எலக்ட்ரான்களிடம் தங்குகிறது. அவை அணுக்களுக்கு வெப்பத்தைக் கைமாற்றுவதற்குள் பிகோ வினாடிகள் (ஒரு பிகோ வினாடி ஆயிரம் ஃபெம்டோ வினாடி) கழிந்துவிடுகின்றன. அதற்குள் துடிப்பு முடிந்திருக்கும். நானோ வினாடி லேசரில் துடிப்பு நீடிக்கும்போதே பொருள் உருகி ஆவியாவதால் ஓரங்களில் உருகிய வரம்பு எழும்பும். ஃபெம்டோ வினாடித் துடிப்பில் வெப்பம் பக்கவாட்டில் பரவுவதற்கு நேரமே இருப்பதில்லை. இத்தகைய வலிமையான குறுந்துடிப்புகளைக் கருவியைச் சிதைக்காமல் பெருக்கும் முறையை ஜெரார் மூரூவும் டோனா ஸ்டிரிக்லண்டும் 1985இல் வெளியிட்டனர். 2018இல் இயற்பியலுக்கான நோபல் பரிசின் ஒரு பாதியை அவ்விருவரும் பகிர்ந்துகொண்டனர். இன்று நீங்கள் கையாளப்போகும் கருவியும் அநேகமாக அந்த முறையில்தான் இயங்கும்.

எந்த மாற்றம் வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

ஆற்றல் அடர்த்தியைக் கீழிருந்து மேலே உயர்த்திக்கொண்டு போனால் படலம் பல நிலைகளைக் கடக்கிறது. படிகமற்ற நிலையில் பூசப்பட்ட இண்டியம் டின் ஆக்சைடு முதலில் படிகமாக மாறும். அதற்கு மேலே, பல துடிப்புகள் ஒரே இடத்தில் விழும்போது, மேற்பரப்பில் ஒழுங்கான நுண்வரிகள் தாமாகவே தோன்றும். இன்னும் உயர்த்தினால் படலம் கண்ணாடியிலிருந்து உப்பி எழும் அல்லது முற்றாக நீங்கிவிடும். முதல் நிலைக்கும் கடைசி நிலைக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகியது. பால்மரம் சீவுபவரின் கத்தி பட்டையைப் போதிய ஆழம் வெட்டாவிட்டால் பால் வராது, ஆழம் மிஞ்சி உள்ளே இருக்கும் வளர்படையைத் தொட்டுவிட்டால் மரம் காயப்பட்டு அந்தப் பட்டை பாழாகும்; நீங்கள் பிடிக்க வேண்டிய ஆழமும் அப்படிப்பட்டதுதான்.

என்னிடம் வரும் மாணவர்களில் பலர், "ஐயா, எவ்வளவு பவர் வைக்க வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்தப் படலம் கடைசியில் எதற்குப் பயன்படப்போகிறது என்பது. மின்சாரத்தைத் தனித்தனிப் பாதைகளாகப் பிரிக்க வேண்டுமென்றால் படலத்தை முழுதாக நீக்க வேண்டும். தடையைக் குறைத்து ஒளிபுகும் தன்மையைக் கூட்ட வேண்டுமென்றால் படிகமாக்கல் போதும். அதில் ஒரு சிறு பள்ளம்கூட விழக்கூடாது. ஒரு திசையில் மட்டும் மின்தடை கூட வேண்டும், அல்லது நீர்த்துளி பரவும் விதம் மாற வேண்டும் என்றால் நுண்வரிகளை நாடலாம்.

மாதிரியைத் தயாரித்தல்

கண்ணாடியின் மேல் 100 முதல் 200 நானோமீட்டர் தடிப்பில் பூசிய படலம் பயிற்சிக்கு ஏற்றது. வாங்கும்போது படிகப் படலமா, படிகமற்ற படலமா என்று தெளிவாகக் கேட்டு வாங்குங்கள். கடைகளில் எளிதாகக் கிடைப்பவை பெரும்பாலும் சூடாக்கிப் படிகமாக்கப்பட்டவை. அவற்றை மீண்டும் படிகமாக்க முயல்வதில் பயனில்லை. படிகமற்ற இண்டியம் டின் ஆக்சைடு 150 முதல் 200 டிகிரி செல்சியஸ் அளவிலேயே படிகமாகத் தொடங்கும் என்பதால், அதை உலர்த்துவதற்குச் சூட்டடுப்பில் வைத்துவிடாதீர்கள்.

கண்ணாடியைச் சிறு துண்டுகளாக வெட்டிய பிறகு, சோப்புக் கரைசல், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்ற வரிசையில் மீயொலித் தொட்டியில் கழுவி, நைட்ரஜன் வாயுவால் ஊதி உலர்த்துங்கள். கடைசிக் கழுவலுக்குக் குழாய்நீர் கூடவே கூடாது. அது உலரும்போது விட்டுச்செல்லும் உப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றும் துடிப்பின் ஆற்றலை உறிஞ்சி, படலம் தாங்கக்கூடிய அளவுக்கும் கீழேயே அதைப் பெயர்த்தெடுக்கும்.

நம் வட்டாரத்தின் ஈரப்பதத்தைப் பற்றிப் பொதுவான பாடநூல்கள் பேசுவதில்லை என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். பகலில் வெளியே 32 டிகிரி வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் இருந்தால் பனி படியும் வெப்பநிலை 24 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். குளிரூட்டியை 18 டிகிரியில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து திறந்து மூடினால், உள்ளே நுழையும் காற்றின் ஈரம் குளிர்ந்த வில்லையின் மீதும் ஆடியின் மீதும் மெல்லிய படலமாகப் படியும். வலிமையான துடிப்பு அதன் மீது பட்டால் விலையுயர்ந்த பூச்சு கருகிவிடும். ஆய்வக வெப்பநிலையை 23 அல்லது 24 டிகிரியில் நிலையாக வைத்து, ஈரநீக்கியை இரவும் பகலும் ஓட விடுவதே சரி. மாதிரியை வெளியே கொண்டு போகும்போது சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய பெட்டியில் வைத்து, பெட்டி வெளிவெப்பத்துக்கு வந்த பின்னரே திறக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடு படலங்களோடு வேலை செய்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். ஈரம் அவற்றின் மின்தடையை மெதுவாக உயர்த்திவிடும்.

கண்ணும் நுரையீரலும்

இவ்வகை லேசர்கள் நான்காம் வகுப்பைச் சேர்ந்தவை. 1030 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணின் வில்லை அதை விழித்திரையில் குவித்துவிடும். வலி தெரிவதற்குள் பார்வை போயிருக்கும். உங்கள் அலைநீளத்துக்கென்று குறிக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடியையே அணியுங்கள். 1030 நானோமீட்டருக்கான கண்ணாடி 515 நானோமீட்டருக்குப் பயன்படும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, ஒளிக்கற்றையின் உயரத்துக்கு ஒருபோதும் குனியாமல் வேலை செய்யுங்கள். நாற்காலியில் அமர்ந்தால் கண் எந்த உயரத்துக்கு வருகிறது என்பதையும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இண்டியம் சேர்மங்களின் தூசியைப் பற்றிப் பலர் எச்சரிப்பதில்லை. இண்டியம் டின் ஆக்சைடைக் கையாண்ட ஜப்பானியத் தொழிலாளர்களுக்குக் கடுமையான நுரையீரல் நோய் ஏற்பட்டது மருத்துவ ஆவணங்களில் பதிவாகியுள்ளது. லேசர் பெயர்த்தெடுக்கும் துகள்கள் மிக நுண்ணியவை. ஆகவே மாதிரிக்கு மிக அருகில் உறிஞ்சுகுழாயும், அதன் முடிவில் நுண்துகள் வடிகட்டியும் இருக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி வேலை செய்யும் இடத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பது முதலாளியின் கடமை. உறிஞ்சுகுழாய் பழுதாக இருந்தால் வேலையைத் தொடங்காமல் மேற்பார்வையாளரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் இப்படிச் சொல்லத் தயங்குவது எனக்குப் புரிகிறது, ஆயினும் தயங்க வேண்டாம்.

ஒளிக்கற்றையின் ஆரத்தை அளத்தல்

லேசர் இயங்கத் தொடங்கி அதன் திறன் நிலைபெறும் வரை காத்திருங்கள். பிறகு திறன்மானியை வில்லைக்கு அப்பால், மாதிரி இருக்கும் இடத்தில் வைத்து அளவெடுங்கள். லேசரின் வாயிலில் அளந்த திறனில் ஒரு பகுதி வழியிலுள்ள ஆடிகளிலும் வில்லைகளிலும் போய்விடுகிறது. சராசரித் திறனை வினாடிக்கு விழும் துடிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு துடிப்பின் ஆற்றல் கிடைக்கும். வினாடிக்கு 1,00,000 துடிப்புகளில் 0.1 வாட் என்றால் அது 1 மைக்ரோஜூல்.

ஒளிக்கற்றையின் நடுவில் உள்ள உச்ச ஆற்றல் அடர்த்தி என்பது, துடிப்பின் ஆற்றலை இரண்டால் பெருக்கி, பை மடங்கு ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பது. 1 மைக்ரோஜூலும் 10 மைக்ரோமீட்டர் ஆரமும் இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு 0.64 ஜூல் வரும். ஆரம் உண்மையில் 8 மைக்ரோமீட்டராக இருந்தால் அதே ஆற்றல் 1 ஜூலை எட்டிவிடும். இரண்டு மைக்ரோமீட்டர் தவறு, படிகமாக்க நினைத்த இடத்தில் படலத்தையே இல்லாமல் செய்துவிடக் கூடியது. வில்லையின் தயாரிப்பாளர் தரும் கணக்கிட்ட ஆரத்தை நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்தக் கணக்கே காரணம்.

ஆரத்தையும், படலம் மாறத் தொடங்கும் ஆற்றலான தொடக்க வரம்பையும் ஒருசேர அறிய ஓர் அழகான வழி இருக்கிறது. ஜே. எம். லியூ என்பவர் 1982இல் வெளியிட்ட முறை இது. புதிய இடங்களில் ஒவ்வொரு துடிப்பாக, ஆற்றலைப் படிப்படியாக உயர்த்திச் சுடுங்கள். ஒவ்வோர் ஆற்றலிலும் ஐந்தாறு புள்ளிகளாவது வேண்டும். நுண்ணோக்கியில் ஒவ்வொரு தடத்தின் விட்டத்தையும் அளந்து, விட்டத்தின் வர்க்கத்தைச் செங்குத்து அச்சிலும், ஆற்றலின் இயல் மடக்கையைக் கிடை அச்சிலும் குறியுங்கள். புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழ வேண்டும். அக்கோட்டின் சாய்வு ஆரத்தின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு. கோடு கிடை அச்சைத் தொடும் இடத்தில் உள்ள ஆற்றல்தான் தொடக்க வரம்பு.

பயிற்சிக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0.5 மைக்ரோஜூலில் தடத்தின் விட்டம் 8 மைக்ரோமீட்டர், 1 மைக்ரோஜூலில் 14.2 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கங்கள் முறையே 64, 202. வேறுபாடு 138. ஆற்றல் இரட்டித்ததால் மடக்கையின் வேறுபாடு 0.693. 138ஐ 0.693ஆல் வகுத்தால் சாய்வு ஏறத்தாழ 200, அதன் பாதி 100, வர்க்கமூலம் 10. ஆகவே ஆரம் 10 மைக்ரோமீட்டர். இதே கோட்டை நீட்டினால் தொடக்க வரம்பு ஏறத்தாழ 0.36 மைக்ரோஜூல், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 0.23 ஜூல். உண்மையான அளவீட்டில் இரண்டு புள்ளிகளோடு நிறுத்திவிடாதீர்கள். எட்டு, பத்து ஆற்றல் நிலைகள் இருந்தால்தான் கோடு வளைகிறதா என்பது தெரியும். வளைந்தால் ஒளிக்கற்றை வட்டமாக இல்லை, அல்லது மாதிரி குவியத்தில் இல்லை என்று பொருள்.

குவியத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. 1030 நானோமீட்டரில் 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள ஒளிக்கற்றை, குவியத்திலிருந்து ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் நகர்ந்தால் உச்ச ஆற்றல் அடர்த்தி பாதியாகிவிடும். 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தாலே 10 விழுக்காடு குறையும். நான்கு ஃபோட்டான் உறிஞ்சுதலில் அது மூன்றில் ஒரு பங்கு இழப்பு. மெல்லிய கண்ணாடியை நகர்மேடையில் ஒட்டும்போது ஒரு மூலை சற்று உயர்ந்திருந்தால் போதும், அந்த மூலையில் மாற்றமே நிகழாது. நான்கு மூலைகளிலும் குவியத்தைச் சரிபார்த்த பின்னரே பெரிய பரப்பைத் தொடங்குங்கள்.

துடிப்புகளை அடுக்குதல்

ஒரு துடிப்பில் மாறாத படலம், நூறு துடிப்புகளில் மாறலாம். ஒவ்வொரு துடிப்பும் கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளை விட்டுச்செல்ல, அடுத்த துடிப்பை அவை எளிதாக உறிஞ்சுகின்றன. துடிப்புகளின் எண்ணிக்கை கூடக் கூடத் தொடக்க வரம்பு ஓர் அடுக்கு விதியைப் பின்பற்றிக் குறைகிறது. அந்த விதியின் குணகம் (அதிலிருந்து 1ஐக் கழித்தால் வருவதே துடிப்பு எண்ணிக்கையின் அடுக்கு) 1 என்றால் குறைவே இல்லை, 0.85 என்றால் 100 துடிப்புகளில் வரம்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆகவே மேலே சொன்ன அளவீட்டை 1, 10, 100, 1000 துடிப்புகளுக்குத் தனித்தனியே செய்து உங்கள் படலத்தின் குணகத்தைக் கண்டறியுங்கள்.

நகரும் மேடையில் ஓர் இடத்தின் மீது விழும் துடிப்புகளின் எண்ணிக்கை, ஒளிக்கற்றையின் விட்டத்தைத் துடிப்பு வீதத்தால் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். 20 மைக்ரோமீட்டர் விட்டம், வினாடிக்கு 1,00,000 துடிப்புகள், இடத்துக்கு 10 துடிப்புகள் என்றால் வேகம் வினாடிக்கு 200 மில்லிமீட்டர். வினாடிக்கு 1000 துடிப்புகள் தரும் லேசரில் அதே வேலைக்கு வேகம் 2 மில்லிமீட்டர்தான். 10 மில்லிமீட்டர் சதுரத்தை 5 மைக்ரோமீட்டர் இடைவெளியுள்ள 2000 கோடுகளால் நிரப்பினால் மொத்தப் பாதை 20 மீட்டர். முதல் லேசரில் இது இரண்டு நிமிடத்துக்குள் அடங்கும். இரண்டாவதில் ஏறத்தாழ 2 மணி 47 நிமிடம் ஆகும். நீண்ட வேலையாக இருந்தால் காலையிலேயே தொடங்கிவிடுவது நல்லது. பிற்பகல் இடிமழையில் மின்சாரம் ஒரு நொடி சிமிட்டினாலும் பாதி முடிந்த மாதிரி வீணாகும். தடையில்லா மின்வழங்கி இருந்தால் லேசரை மட்டுமின்றி நகர்மேடையையும் அதனோடு இணையுங்கள்.

வேகமான லேசரில் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். கண்ணாடியில் வெப்பம் 1 மில்லி வினாடியில் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் பரவும்; 10 மைக்ரோ வினாடியில் 2 மைக்ரோமீட்டர்தான். எனவே வினாடிக்கு 1,00,000 துடிப்புகளில் முதல் துடிப்பின் வெப்பம் அகலும் முன்பே அடுத்தது வந்து விழுகிறது. படிகமாக்கலுக்கு இந்த வெப்பச் சேமிப்பு உதவும். கூர்மையான ஓரங்களோடு படலத்தை நீக்குவதற்கு இடையூறு செய்யும்.

நுண்வரிகளைப் பெறுதல்

லேசர் பட்ட குறைக்கடத்திகளின் மேற்பரப்பில் ஒழுங்கான வரிகள் தோன்றுவதை 1965இல் பிர்ன்பாம் முதன்முதலில் பதிவு செய்தார். விழும் ஒளியும், மேற்பரப்பின் கரடுமுரடில் சிதறி அதன் வழியே ஓடும் அலையும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, ஆற்றலை வரிவரியாகப் பகிர்வதே இதன் பொதுவான விளக்கம். ஒரு வகை வரிகளின் இடைவெளி அலைநீளத்தைவிடச் சற்றுக் குறைவு. மற்றொரு வகையின் இடைவெளி அலைநீளத்தின் பாதிக்கும் குறைவு. இவற்றைப் பெற, தொடக்க வரம்பைச் சற்றே தாண்டிய ஆற்றலில், சில பத்துகள் முதல் சில நூறுகள் வரையிலான துடிப்புகளை முயன்று பாருங்கள். ஒரு பக்கத்தில் ஆற்றலும் மறுபக்கத்தில் துடிப்பு எண்ணிக்கையும் மாறும் கட்டங்களாக ஒரே கண்ணாடியில் சுட்டால், எந்தக் கட்டத்தில் வரிகள் தெளிவாக உள்ளன என்பது ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

காண்பது உண்மையிலேயே ஒளியால் பிறந்த வரிகளா, மேடையின் அதிர்வால் வந்த கோடுகளா என்று சோதிப்பது எளிது. ஒளிப்பாதையில் உள்ள அரை அலைத் தகட்டை 45 டிகிரி திருப்பினால் ஒளியின் தளவிளைவு (ஒளி அலை அதிரும் திசை) 90 டிகிரி திரும்பும். வரிகளும் அதோடு சேர்ந்து திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் குறை மேடையில் இருக்கிறது.

மாற்றத்தை உறுதி செய்தல்

ஒளியியல் நுண்ணோக்கியில் நிற மாற்றம் தெரிந்தவுடன் படிகமாகிவிட்டது என்று எழுதிவிடாதீர்கள். படலம் சில நானோமீட்டர் தேய்ந்திருந்தாலும் நிறம் மாறும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவில், தாமிர மூலத்தைப் பயன்படுத்தினால், படிக இண்டியம் டின் ஆக்சைடு 30.6 டிகிரிக் கோணத்திலும் 35.5 டிகிரிக் கோணத்திலும் கூர்மையான முகடுகளைக் காட்டும். படிகமற்றதில் அகன்ற மேடு மட்டுமே இருக்கும். டைட்டானியம் டைஆக்சைடு படலமாக இருந்தால் ராமன் நிறமாலை இன்னும் வசதியானது. அனடேஸ் வகைப் படிகம் ஒரு சென்டிமீட்டருக்கு 144 என்ற அலையெண்ணில் வலிமையான முகட்டைத் தரும். ரூடைல் வகை 447இலும் 612இலும் தரும். தடத்தின் ஆழத்தை அணுவிசை நுண்ணோக்கியாலும், வரிகளின் இடைவெளியை எலக்ட்ரான் நுண்ணோக்கியாலும் அளக்கலாம்.

மின்தடையை நான்குமுனைத் தடைமானியால் அளந்து, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.53ஆல் பெருக்குங்கள். நல்ல 150 நானோமீட்டர் படிகப் படலத்தில் ஒரு சதுரத்துக்கு 13 ஓம் அளவில் வரும். அந்தப் பெருக்கெண் முனைகளின் இடைவெளியைவிடப் பன்மடங்கு பெரிய பரப்புக்கே பொருந்தும்; சிறு சதுரத்தில் அளந்தால் திருத்தம் தேவை. நுண்வரிகள் உள்ள படலத்தில் வரிகளின் நெடுக்கிலும் குறுக்கிலும் தனித்தனியே அளவெடுங்கள். பள்ளங்கள் ஆழமாக இருந்தால் குறுக்குத் தடை தெளிவாகக் கூடியிருக்கும்.

அமிலத்தில் கழுவுதல்

படிகமற்ற படலத்தில் லேசரால் கோடுகளைப் படிகமாக்கிய பிறகு, மீதியை ஆக்சாலிக் அமிலக் கரைசலில் நீக்கிவிடலாம். படிகமற்ற இண்டியம் டின் ஆக்சைடு இந்த மென்மையான அமிலத்தில் கரையும். படிகமானது எதிர்த்து நிற்கும். இந்த வழியில் கிடைக்கும் கோடுகளில் லேசர் வெட்டிய பள்ளமும் சிதறிய துகளும் இருக்காது என்பதால், படலத்தை நேரடியாகப் பெயர்த்தெடுப்பதைவிட இதையே நான் விரும்புகிறேன். கோடு கரைந்துபோனால் படிகமாக்கல் முழுமையடையவில்லை. ஆற்றலைச் சிறிது கூட்டி அல்லது வேகத்தைச் சிறிது குறைத்து மீண்டும் செய்யுங்கள். கோட்டின் நடு மட்டும் காணாமல் போயிருந்தால் ஒளிக்கற்றையின் உச்சப்பகுதி நீக்கும் வரம்பைத் தாண்டிவிட்டது. அப்போது ஆற்றலைக் குறைக்க வேண்டும்.

இண்டியம் கரைந்த அந்த அமிலத்தைக் கால்வாயில் ஊற்றக் கூடாது. மலேசியாவில் இத்தகைய கழிவுகள் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளுக்கு உட்பட்டவை. மூடியுள்ள பிளாஸ்டிக் கலனில் ஊற்றி, உள்ளே இருப்பது என்ன, எந்தத் தேதியில் நிரப்பியது என்று வெளியே எழுதி ஒட்டி, ஆய்வகத்தின் கழிவுப் பொறுப்பாளரிடம் கையொப்பம் பெற்று ஒப்படையுங்கள்.